சித்திரத்தில் எழுந்த இராமகாதை

யோகர் சுவாமிகள் நெடுங்காலம் வாழ்ந்தருளிய கொழும்புத்துறை, யாழ்ப்பாணக் கடனீரேரியின் வடகரையில் அமைந்த ஊர். அத்துறையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு முன்னே பரந்த நீர். அதற்கப்பால் பூநகரிக் கரை. அக்கரை வழியே மேலும் தெற்கே சென்றால் மன்னாரும், அதனையடுத்துச் சேதுவும் உள. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் 'சேதுகாவலர்' என்னும் விருதுப்பெயர் பூண்டதும், தம் நாணயங்களிற் 'சேது' என்று பொறித்ததும் வரலாறு கற்றோர் அறிந்தவை. எனவே இவ்வூரார்க்கு இராமகாதை எங்கோ தொலைதேசத்திற் பிறந்த கதையன்று. தம் அயலிற் கிடக்கும் மணற்றிட்டுக்களோடு ஒட்டிய கதை. அக்காதையை யப்பானியர் ஒருவர் சித்திரமாக எழுதுவித்து அசையச் செய்தமையும், அப்படம் பிறந்தபோது ஏற்பாரின்றி ஒதுங்கிக் கிடந்து பின்னர்ப் பலர் நெஞ்சிற் குடிகொண்டமையும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

யூகோ சாக்கோ (1928–2012) ஆவணப்படங்கள் எடுத்தவர். அலகாபாத்துக்கு அணித்தாகத் தொல்பொருளறிஞர் பி. பி. லால் நடத்திய அகழாய்வு பற்றிப் படமெடுக்குமாறு 1983 இல் இந்தியாவுக்கு வந்தார். வந்த இடத்தில் இராமகாதை அவரைப் பற்றிக்கொண்டது. யப்பானிய மொழியிற் கிடைத்த இராமாயண நூல்களைத் தேடித் தேடிக் கற்றார். கற்றபின் அவர் கொண்ட முடிவு கருதத்தக்கது: இராமன் தெய்வமாதலின், அவனை ஒரு நடிகர் நடித்துக் காட்டுவதினும் சித்திரத்தில் எழுதிக் காட்டுவதே தக்கது என்பது அது.

இம்முடிபின் உண்மையைத் தமிழர் தம் அனுபவத்தானே உணர்வர். 1958 இல் வெளிவந்த 'சம்பூர்ண இராமாயணம்' என்னும் படத்தில் இராமனாக என். ரி. இராமராவும் பரதனாகச் சிவாஜி கணேசனும் தோன்றினர். அவர்தம் நடிப்பிற் குறைகாண்பார் இலர். ஆயினும் பரதனைக் காணும் கண் சிவாஜியையும் உடன் காண்கின்றது. எழுதிய ஓவியத்துக்கோ முன்னைப் பிறப்பில்லை. கோயிலிலே படிமத்தை வழிபடுவோர் அதனை எந்த மனிதரின் சாயல் என்று வினாவுவதில்லை. அதனை ஒப்பதே இஃதும்.

ஆனால் சாக்கோ இவ்வெண்ணத்தை வெளியிட்டவுடன் எதிர்ப்பு எழுந்தது. செய்தித்தாளிற் கண்ட ஒரு குறிப்பைப் பிழைபட உணர்ந்து, பிறநாட்டார் இராமாயணத்தைத் தம் மனம்போனவாறு எடுத்தல் ஆகாது என விசுவ இந்து பரிசத்து மறுப்புக் கடிதம் விடுத்தது. அவர் நேரிற் சென்று விளக்கியபின் அம்மறுப்புத் தணிந்தது. இந்திய அரசோ, இத்துணைப் புனிதமான பொருளைக் கேலிச்சித்திரமாக்குதல் தகாது என்று கருதிக் கூட்டு முயற்சிக்கு இசையவில்லை. சித்திரப்படம் என்றாற் சிறுவர் சிரிப்பதற்குரியது என்ற எண்ணமே இதற்கு அடி.

இவ்வெண்ணம் நம் மரபுக்கே முரணானது. பாலக்காட்டை அடுத்த ஊர்களிற் பத்திரகாளி கோயில்தோறும் தோற்பாவைக்கூத்து நடைபெற்று வருகின்றது. மான்தோலில் வெட்டிய உருவங்களை நீண்ட திரைச்சீலையின் பின்னே நிறுத்தி, வரிசையாக ஏற்றிய எண்ணெய் விளக்குகளின் ஒளியிற் புலவர்கள் அவற்றை ஆட்டுவர். ஆட்டுவோர் சொல்வது கம்பர் பாடலை. தாரிகனோடு பொருத காளி இராமராவண யுத்தத்தைக் காணாதொழிந்தாள் என்றும், அவள் காணும்பொருட்டே கூத்து ஆடப்படுகின்றது என்றும் அங்குள்ளோர் கூறுவர். ஆதலின் திரைக்கு முன்னே ஒருவரும் இராத இரவிலும் விளக்கு ஏற்றப்படும்; கதையும் நடக்கும். எழுதிய உருவம் ஒளியால் அசைந்து இராமகாதை சொல்லுதல் தமிழ்ப் பாட்டுக்குப் புதிதன்று.

படம் யப்பானிலேயே உருவாயிற்று. சாக்கோவுடன் கோய்ச்சி சசாக்கியும் இந்தியரான இராம் மோகனும் இயக்குநராயினர். இராம் மோகன் 1956 இற் பம்பாயிலே அரசின் கார்ட்டூன் படப் பகுதியிற் சேர்ந்து, டிஸ்னி நிறுவனத்திற் பணியாற்றிய கிளெயர் வீக்சிடம் தொழில் பயின்றவர். சித்திரப்படம் ஆக்கும் முறை இது: பின்னணிக் காட்சியை ஓவியர் ஒருமுறை எழுதுவர், அசையும் உருவங்களை ஒளிபுகும் மெல்லிய தாள்களிற் சிறிது சிறிதாக நிலைமாற்றி எழுதி, பின்னணிமேல் ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிப்பர். நொடிக்கு 24 படங்கள் ஓடும்போது கண் அவற்றை ஒரே அசைவாகக் கொள்ளும். இப்படத்துக்கு இருநாட்டு ஓவியர் ஏறக்குறைய 450 பேர் உழைத்தனர். கையால் எழுதிய தாள்கள் ஒரு லட்சம் வரையின. வேட்டி உடுக்கும் முறை, பெரியோரிடம் பிள்ளைகள் ஆசி பெறும் முறை ஆகிய சிறு செய்திகளையும் இந்திய ஓவியர் யப்பானியர்க்குக் கற்பித்தனர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். பாடல்கள் வடமொழியில் அமைந்தன.

குறை இல்லை என்பதற்கில்லை. விசுவாமித்திரர் வருகை முதற் போர்முடிவு வரை இரண்டேகால் மணி நேரத்தில் அடக்கியமையாற் பல இடங்கள் விரைந்து கழிகின்றன. கும்பகருணன் மலைபோல் எழுந்து வரும் காட்சி மெய்சிலிர்க்கச் செய்கின்றது. ஆனால் தமையன் செய்தது பிழையென்று அறிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக உயிர்கொடுக்கும் கம்பரின் கும்பகருணனை அங்கே தேடுதல் வீண். கோணமலையில் 'இராவணன் வெட்டு' என்னும் பாறைப்பிளவைக் காட்டி அவன் சிவபத்தியைப் பேசும் ஈழத்துச் சைவர்க்கு, படத்து இராவணன் பெரிதும் பகைவனாகவே நிற்பதும் சிறிது ஏமாற்றமாகலாம்.

1993 ஜனவரியிற் புதுதில்லியில் நடந்த அனைத்துலகத் திரைப்பட விழாவிற் படம் காட்டப்பட்டது. 1992 டிசம்பர் 6 இல் அயோத்தியிற் பாபர் மசூதி இடிக்கப்பட்டு, நாடெங்கும் கலவரம் மூண்டிருந்த காலம் அது. இராமன் பெயர் தாங்கிய படம் கலையாக நோக்கப்படுதற்கு அதனினும் தீய வேளை வாய்த்திராது. இந்தியத் திரையரங்குகளில் அது முறையாகப் பரவவில்லை. ஏறக்குறைய 80 கோடி யென் செலவாயிற்று என்பர். அதற்கேற்ற வரவேற்பு எங்கும் கிட்டவில்லை. அமெரிக்காவில் வேறு பெயரோடு வெளியிட்டும் பயன் சிறிதே.

படத்தை மீட்டவர்கள் சிறுவர்கள். இந்தி மொழியில் அது தொலைக்காட்சியில் வந்தது. இராமானந்த சாகரின் தொடரில் இராமனாக நடித்த அருண் கோவிலே அங்கு ஓவிய இராமனுக்குக் குரல் கொடுத்தார். பின்னர்க் கார்ட்டூன் நெற்வேர்க் அதனை மீளமீள ஒளிபரப்ப, விடுமுறைநாட்களில் அதனைக் கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை தோன்றிற்று. அவர்கள் வளர்ந்து இணையத்திற் படத்தைத் தேடிப் பிறர்க்கும் காட்டினர். பழைய பிரதி புதுக்கித் தெளிவாக்கப்பட்டு, 2025 ஜனவரி 24 இல் இந்தியத் திரையரங்குகளில் வெளிவந்தது. அப்போதுதான் தமிழ்க் குரலும் அதற்கு வாய்த்தது. சாக்கோ அதனைக் காண இல்லை. இராம் மோகனும் 2019 இற் காலமாகிவிட்டார்.

தில்லியில் அப்படம் முதன்முதல் ஒளிர்ந்த அம்மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. 1990 இல் அற்றுப்போனது மீளப் பல ஆண்டுகள் சென்றன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இக்கடனீரேரியின் கிழக்கே கிளாலியில் மக்கள் உயிரைப் பணயம் வைத்து இரவிற் படகேறினர். கொழும்புத்துறையில் அன்று மண்ணெண்ணெய் விளக்கின் முன்னே பாடம் படித்த பத்து வயதுச் சிறுவன், அப்படம் தமிழிற் பேசியபோது நாற்பதைக் கடந்திருந்தான்.