நோட்டில் எழுதிய ஒரு பொய்... பறிபோன 7 உயிர்கள்! - தண்ணீரைப் பாடமாகப் படிக்கும் கனடா மாணவர்கள்

சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று. அதில் பாதி அளவுக்குக் குழாய்த் தண்ணீர். ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடியைப் போட்டுக் குலுக்கினால், சில நொடிகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது. நிறம் மாறினால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு அடர்த்தியாக மாறுகிறதோ, அவ்வளவு குளோரின். நிறமே மாறவில்லை என்றால்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு படிக்கும் மாணவர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் சோதனை இது. செய்து முடிக்க இரண்டு, மூன்று நிமிடங்கள் போதும். அந்த இரண்டு, மூன்று நிமிடங்களைச் செலவழிக்காமல், 'சோதித்தேன்' என்று நோட்டில் ஓர் எண்ணை மட்டும் எழுதிவைத்ததால், அதே மாகாணத்தில் ஒரு சின்ன ஊர் 7 உயிர்களைப் பறிகொடுத்தது. அந்த ஊரின் பெயர் வாக்கர்டன்.

வாக்கர்டனில் என்ன நடந்தது?

டொரன்டோவிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரத் தூரம். சுற்றிலும் விவசாய நிலங்கள், மாட்டுப் பண்ணைகள். மக்கள்தொகை சுமார் 4,800. ஊருக்குக் குடிநீர் கிணறுகளிலிருந்து வந்தது. அவற்றில் 'ஐந்தாம் எண் கிணறு' ஆழம் குறைவானது. பக்கத்திலேயே பண்ணை.

2000-ம் ஆண்டு மே மாதம் இரண்டாவது வாரத்தில் அங்கே பலத்த மழை. பண்ணை நிலத்தில் உரமாகப் போட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகளை மழைநீர் அடித்துக்கொண்டுபோய் அந்தக் கிணற்றில் சேர்த்தது. வந்தது சாதாரணக் கிருமி அல்ல. சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடிய 'ஈ.கோலை ஓ157' வகை பாக்டீரியா.

கிணற்றில் குளோரின் கலக்கும் கருவி இருந்தது. ஆனால், தேவையான அளவு கலக்கப்படவில்லை. தினமும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிஞ்சியிருக்கிறது என்று அளக்க வேண்டிய ஊழியர்கள் பெரும்பாலான நாள்களில் அளக்கவே இல்லை. நோட்டில் மட்டும் 0.5, 0.75 என்று எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன. வருடக்கணக்கில் இதுதான் நடைமுறை.

மே 17-ம் தேதி, தண்ணீரில் கிருமி இருப்பதாகப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தகவல் வந்தது. குடிநீர் வாரியத்தின் மேலாளர் அதை வெளியே சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள்களில் குழந்தைகளும் பெரியவர்களும் ரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். சந்தேகப்பட்ட சுகாதாரத்துறையினர் குடிநீர் வாரியத்துக்கு போன் செய்து கேட்டார்கள். 'தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது' என்றே பதில் வந்தது. அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லாமல், மே 21-ம் தேதி சுகாதாரத்துறையே 'தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்' என்று அறிவித்தது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். 27 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கடுமையான பாதிப்பு. 7 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. 'இனிமேல் கொதிக்கவைக்காமல் குடிக்கலாம்' என்ற அறிவிப்பு அந்த ஊருக்கு டிசம்பர் மாதம்தான் வந்தது.

தேர்வே எழுதாமல் லைசென்ஸ்

இந்தத் துயரத்தை விசாரிக்க நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2002-ல் வெளியான அதன் அறிக்கை, இரண்டு பேர் செய்த தவறு என்று விஷயத்தை முடித்துக்கொள்ளவில்லை. சுற்றுச்சூழல் துறைக்கான நிதியை அரசு வெட்டியது, பரிசோதனைகள் தனியாருக்குப் போனபோது 'கிருமி இருந்தால் சுகாதாரத்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்' என்ற சட்டம் கொண்டுவராதது என்று அரசின் தவறுகளையும் அடுக்கியது.

அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம்தான் பலரையும் அதிரவைத்தது. அந்த மேலாளரும், அவருக்குக் கீழே மேற்பார்வையாளராக இருந்த அவருடைய சகோதரரும் முறையான லைசென்ஸ் வைத்திருந்தார்கள். ஆனால், அதற்காக எந்தப் படிப்பும் படிக்கவில்லை. எந்தத் தேர்வும் எழுதவில்லை. நீண்டகாலமாக வேலையில் இருக்கிறார்கள் என்ற அனுபவத்தை மட்டும் வைத்துக் கொடுக்கப்பட்ட லைசென்ஸ் அது.

அவர்கள் ஊரைக் கொல்ல நினைத்தவர்கள் அல்ல. கிணற்றுத் தண்ணீர் சுத்தமானது என்று உண்மையாகவே நம்பினார்கள். குளோரின் கலக்காத தண்ணீரை ஊழியர்களே அங்கே குடித்தார்கள். 'குளோரின் வாடை அடிக்கிறது' என்று ஊர்க்காரர்கள் புகார் சொன்னதும் உண்டு. 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே' என்ற நினைப்புதான் கடைசியில் எமனானது. 2004-ல் ஒருவருக்கு ஓராண்டு சிறை, மற்றவருக்கு ஒன்பது மாத வீட்டுச் சிறை என்று தீர்ப்பானது.

ஐந்தாம் எண் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவி இருந்திருந்தால் இந்தத் துயரமே நடந்திருக்காது என்றது ஆணையம். தினமும் கையால் சோதனை செய்திருந்தால்கூட பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும் என்றும் சொன்னது.

இன்று ஆபரேட்டர் ஆக என்ன வேண்டும்?

வாக்கர்டனுக்குப் பிறகு ஒன்டாரியோவில் விதிகள் தலைகீழாக மாறின. 2002-ல் பாதுகாப்பான குடிநீருக்கென்று தனிச் சட்டமே வந்தது. 2004-ல் அதே வாக்கர்டன் ஊரில், குடிநீர் ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் 'வாக்கர்டன் தூய குடிநீர் மையம்' தொடங்கப்பட்டது. எந்த ஊரில் தண்ணீர் உயிரைப் பறித்ததோ, அந்த ஊரே இன்று மாகாணத்துக்குப் பாடம் நடத்துகிறது.

இந்தப் படிப்பு பெரிய பல்கலைக்கழகங்களைத் தேடிப் போக வேண்டிய படிப்பு அல்ல. அங்கே 'காலேஜ்' என்றால், பெரும்பாலும் தொழில் சார்ந்து கற்றுத்தரும் சமுதாயக் கல்லூரி. நம்மூர் பாலிடெக்னிக்கை நினைத்துக்கொள்ளலாம். பள்ளியை முடித்துவிட்டு வருபவர்களும், வேறு வேலையை விட்டுவிட்டு வருபவர்களும் அங்கே ஒன்றாகப் படிப்பார்கள். லிண்ட்சே நகரிலுள்ள ஃபிளெமிங் கல்லூரி வளாகத்தில், தண்ணீர் - கழிவுநீர்த் தொழில்நுட்பங்களை ஆராயவென்றே தனி மையம் இயங்குகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நுழைவுநிலைத் தேர்வில் தேறினால் 'பயிற்சி ஆபரேட்டர்'. குடிநீர்ப் பிரிவில் மேலே போக அடிப்படைப் பயிற்சி வகுப்பு கட்டாயம். ஓராண்டு வேலை அனுபவத்தோடு அடுத்த தேர்வையும் எழுதினால்தான் முதல்நிலை லைசென்ஸ். இப்படி நான்கு நிலைகள் உண்டு. குடிநீர்ச் சுத்திகரிப்பு, குடிநீர் விநியோகம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர்ச் சேகரிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைசென்ஸ். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு இடையிலும் பயிற்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறு பீக்கர்களும் ஒரு கணக்கும்

வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

கிராமத்தில் பாட்டிகள் கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேற்றான்கொட்டையைத் தேய்த்துவிடுவார்கள். சற்று நேரத்தில் அழுக்கு அடியில் தங்கிவிடும். மாணவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆறு பீக்கர்களில் ஒரே ஆற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் படிகாரம். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கலக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். அழுக்கெல்லாம் பஞ்சுபோலத் திரண்டு எந்த பீக்கரில் நன்றாகப் படிகிறதோ, அதுதான் அன்றைக்குச் சரியான அளவு. மழை பெய்து ஆறு கலங்கினால் நாளைக்கு அளவு மாறும். அடுத்து மணல் படுகையில் வடிகட்டுதல். கடைசியாகக் கிருமி நீக்கம்.

கணக்கு வராது என்று தப்பிக்கவும் முடியாது. உதாரணத்துக்கு ஒன்று. ஓர் ஊர் ஒரு நாளைக்கு 40 லட்சம் லிட்டர் தண்ணீர் பயன்படுத்துகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கலக்க வேண்டும். அப்படியானால், ஒரு நாளைக்கு 8 கிலோ குளோரின் தேவை. இது எளிதான பகுதி.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. கலந்த குளோரினில் ஒரு பகுதியைத் தண்ணீரிலுள்ள அழுக்கும் கிருமிகளும் தின்றுவிடும். 1.5 மில்லிகிராம் செலவானால் 0.5 மிஞ்சும். அந்த மிச்சம்தான் குழாய்வழியே வீடு வரை காவலுக்கு வரும் குளோரின். திடீரென்று ஒருநாள் மிச்சம் பூஜ்யமாகிவிட்டால்? கலக்கும் கருவி பழுதாகியிருக்கலாம். அல்லது, வழக்கத்தைவிட அதிகமான அழுக்கு எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

வாக்கர்டனில் நடந்ததும் இதுதான். கிணற்றுக்குள் புகுந்த அழுக்கு, கலந்திருந்த கொஞ்சநஞ்ச குளோரினையும் தின்று தீர்த்துவிட்டது. யாராவது ஒருவர் குப்பியில் தண்ணீர் பிடித்துப் பொடியைப் போட்டிருந்தால், நிறம் மாறாத தண்ணீரே எச்சரிக்கை மணி அடித்திருக்கும்.

சாக்கடைத் தண்ணீரும் பாடம்தான்

படிப்பின் இன்னொரு பாதி, நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் தண்ணீரைப் பற்றியது. குடிநீர்ப் பிரிவில் நுண்ணுயிர்களை அழிக்கக் கற்றுக்கொள்பவர்கள், கழிவுநீர்ப் பிரிவில் அதே நுண்ணுயிர்களை வளர்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அறிமுகமான முறைதான் இன்றும் உலகமெங்கும் அடிப்படை. பெரிய தொட்டியில் காற்றைச் செலுத்தினால், நல்ல பாக்டீரியாக்கள் பெருகிக் கழிவைத் தின்னும். தின்று கொழுத்தவை அடியில் சேறாகப் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். காற்று குறைந்தால் அவை செத்துப்போகும். ஆலையில் நச்சுக் கழிவு கலந்தாலும் செத்துப்போகும். மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் அவற்றைப் பார்த்தே தொட்டியின் உடல்நிலையைச் சொல்லப் பழகுகிறார்கள்.

பாதுகாப்புக்கென்றே தனிப் பாடமும் உண்டு. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு அதிகமானால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டதே என்று உள்ளே இறங்குபவர் உயிரோடு திரும்ப மாட்டார். அதனால், உள்ளே இறங்கும் முன் கருவியால் காற்றைச் சோதிக்க வேண்டும், மேலே ஓர் ஆள் காவலுக்கு நிற்க வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும் என்று திரும்பத் திரும்பச் செய்யவைத்துப் பழக்குகிறார்கள். 'கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கிப் பலி' என்ற செய்தியை இன்னமும் படித்துக்கொண்டிருக்கும் நமக்கு, இந்தப் பாடத்தின் அருமை தனியாகச் சொல்லாமலே புரியும்.

ஓய்வுபெறும் தலைமுறை... காத்திருக்கும் வேலை!

பக்கத்து நாடான அமெரிக்காவிலும் இந்தப் படிப்புக்குத் தேவை அதிகம். அங்கே தண்ணீர், கழிவுநீர் ஆபரேட்டர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பத்து ஆண்டுகளுக்குள் ஓய்வுபெறும் தகுதியை எட்டுவார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பே சொல்கிறது. கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகிலுள்ள குயாமாகா சமுதாயக் கல்லூரியில், தண்ணீர் படிப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. குழாய்களிலும் வால்வுகளிலும் கைவைத்துப் பழக, திறந்தவெளிப் பயிற்சிக்களமும் அங்கே உண்டு.

வேலை சொகுசானது அல்ல. தண்ணீருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தீபாவளி, கிறிஸ்துமஸ் கிடையாது. பனிக்கொட்டும் நள்ளிரவில் மோட்டார் நின்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். எல்லாம் சரியாக நடக்கும்வரை இப்படி ஒருவர் இருப்பதே ஊருக்குத் தெரியாது. டொரன்டோவிலும் ஸ்கார்பரோவிலும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒன்டாரியோ ஏரியின் தண்ணீர் அவர்கள் வீட்டுக் குழாயில் கவலையில்லாமல் கொட்டுவதற்குப் பின்னாலும், பெயர் தெரியாத இந்த ஆபரேட்டர்கள்தான் இருக்கிறார்கள்.

இந்தப் படிப்பில் வேதியியல் உண்டு, உயிரியல் உண்டு, மோட்டார் ரிப்பேரும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு பாடம்: 'குப்பியில் தெரிவதை நோட்டில் எழுது. பூஜ்யம் வந்தால் பூஜ்யம் என்று எழுது. எழுதிய கையோடு போனை எடு.'

வாக்கர்டனில் அன்றைக்கு ஒருவர் அதைச் செய்திருந்தால், அந்தக் குழந்தைக்கு இன்று 25 வயதைத் தாண்டியிருக்கும்.