குதித்துப் பார்த்த டாக்டர்

நாற்பதாயிரம் அடி உயரத்தில் ஒரு போர் விமானம் பழுதாகிவிட்டது. உள்ளே இருப்பவர் பாராசூட்டோடு குதிக்கிறார். உயிரோடு தரைக்கு வந்து சேர்வாரா? இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு இதற்கு உறுதியான பதில் தெரியாது. ராணுவ விமானப்படையின் மருத்துவர் ராண்டால்ஃப் லவ்லேஸ் பதிலைக் கண்டுபிடித்தார். எப்படி என்கிறீர்களா? தானே குதித்துத்தான்!

லவ்லேஸ் சும்மா துணிச்சல்காரர் மட்டும் அல்ல. மேயோ கிளினிக் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது பூத்பி, புல்புலியன் என்ற இருவரோடு சேர்ந்து விமானிகளுக்கான ஆக்சிஜன் முகமூடியை உருவாக்கியவர். அந்த ஆய்வுகளுக்காக விமானத் துறைக்கான கோலியர் விருதில், 1939ஆம் ஆண்டுக்கானதில், அவர் பெயரும் இடம்பெற்றது.

உயரத்தில் முகமூடி எதற்கு? காற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அந்த விகிதம் மேலே போனாலும் அப்படியேதான் இருக்கும். குறைவது காற்றழுத்தம். நாற்பதாயிரம் அடியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எவ்வளவு இழுத்து மூச்சு விட்டாலும் ரத்தத்தில் போதிய ஆக்சிஜன் ஏறாது. முகமூடி இல்லாவிட்டால் 15, 20 விநாடிகளுக்குள் புத்தி தடுமாறிவிடும்.

1943 ஜூன் 24. வாஷிங்டன் மாநிலத்தின் எஃப்ராட்டா ஊருக்கு மேலே, பி-17 விமானத்திலிருந்து லவ்லேஸ் குதித்தார். உயரம் 40,200 அடி. எவரெஸ்டைவிட மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம்! அதற்கு முன் அவர் ஒருமுறைகூட பாராசூட்டில் குதித்ததில்லை.

குதித்த உடனே பாராசூட் விரிந்தது. அதில்தான் வந்தது வினை. காற்று மெலிதாக இருக்கும் உயரத்தில் விமானம் அதிவேகமாகப் பறக்கும். குதிப்பவரும் அதே வேகத்தோடுதான் வெளியே வருவார். அந்த வேகம் முழுவதும் ஒரே இழுப்பில் அடங்கியபோது லவ்லேஸ் மயங்கிப்போனார். இடது கையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு உறைகளும் பிய்த்துக்கொண்டு போயின. கடுங்குளிரில் அந்தக் கை உறைந்து புண்ணானது. தொங்கியபடியே இறங்கினார். தரைக்கு வர ஏறக்குறைய 24 நிமிடம்.

சோதனை தோற்றுவிட்டதா? இல்லவே இல்லை. சோதிப்பதற்காகக் கூடக் கட்டியிருந்த சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் சரியாக வேலை செய்ததால்தான் அவர் பிழைத்தார். அவ்வளவு உயரத்தில் உடனே பாராசூட்டை விரிக்கக் கூடாது, அடர்ந்த காற்று இருக்கும் இடம்வரை விழுந்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும் என்பதும் தெளிவானது. எனக்கென்னவோ, திட்டமிட்டுச் சோதித்த சிலிண்டரைவிட எதிர்பாராமல் கிடைத்த இந்தப் பாடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தக் குதிப்புக்காக அவருக்கு டிஸ்டிங்குவிஷ்டு ஃப்ளையிங் கிராஸ் பதக்கம் கிடைத்தது. விமானத்திலிருந்து விழுந்தவருக்குப் பறந்ததற்கான பதக்கம்!

பிறகு 1959இல், அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களாகத் தேர்வாக இருந்தவர்களின் உடலைப் பரிசோதித்ததும் அல்புகர்க்கி நகரில் இருந்த லவ்லேஸின் மருத்துவமனைதான். நிலாவின் வட துருவத்துக்கு அருகே ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர்.