ஞாயிற்றொளியும் பரம்பரையலகும்

மூக்கைப் பிடித்துக்கொண்டு மீனெண்ணெய் விழுங்கிய நாட்களை நம் பழைய மாணவரிற் பலர் மறந்திரார். அதிலுள்ள விற்றமின் டி என்புகளை உறுதியாக்கும் என்று அன்று கற்றோம். எவ்வாறு என்று கேட்டோமில்லை. சுவரிற் சுண்ணாம்பு படிவதுபோல அது என்பிற் படியும் என்றே எண்ணியிருந்தோம். உண்மை வேறு.

விற்றமின் எனப் பெயர் பெறினும் இஃது உணவால் மட்டும் கிடைப்பதன்று. தோலிலுள்ள கொழுப்புப்பொருளொன்று ஞாயிற்றின் கழியூதாக் கதிர் பட்டு விற்றமின் டி ஆகின்றது. பின்னர் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்தே தொழிற்படும் வடிவம் பெறுகின்றது. அவ்வடிவத்தை ஓமோன் என்று கொள்ளுதலே தகும்.

குருதிவழிச் சென்று குடற்கலத்தினுட் புகும் அதனைப் பற்றிக்கொள்ள ஒரு புரதம் காத்திருக்கின்றது. மனிதரில் அது 427 அமினோ அமிலங்களாலாயது. அறிவியலார் அதனை வாங்கி என்பர், பொருத்தமான பெயர். 1969இல் ஹோஸ்லர், நோர்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் கோழிக்குஞ்சின் குடலில், கலத்தின் கருவினுள்ளே, இத்தகைய புரதம் உண்டெனக் காட்டினர்.

கருவினுள் இருக்கும் டி.என்.ஏ. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஏடு. பரம்பரையலகு அவ்வேட்டின் ஒரு பகுதி. புரதமொன்றை ஆக்கும் விதியை அது கூறும். விற்றமினைப் பற்றிய வாங்கி உருவிற் சிறிது மாறித் துணைப்புரதம் ஒன்றுடன் சேர்கின்றது. நாக அணுக்கள் தாங்கிய விரல்போன்ற இரு மடிப்புக்கள் அதற்குண்டு. அவற்றால் ஏட்டில் உரிய இடத்தைக் கண்டுகொள்கின்றது. அவ்விடத்தில் ஆறெழுத்துத் தொடரொன்று வரும். மூன்றெழுத்து இடைவிட்டு ஏறத்தாழ அதுவே மீண்டும் வரும். தமிழ் கற்பிக்கும் எமக்கு அடுக்குத்தொடரே நினைவுக்கு வந்தது.

வாங்கி அங்கு அமர்ந்ததும் அதற்குரிய பரம்பரையலகு தொழிற்படத் தொடங்குகின்றது. கல்சியத்தைக் குடலினின்று உள்ளிழுக்கும் புரதங்கள் உருவாகின்றன. விற்றமினையே சிதைக்கும் நொதியமும் இவ்வாறே பிறக்கின்றது. ஏவியவனையே அகற்றும் ஏற்பாடு!

பழுதுற்ற வாங்கியுடன் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர் உளர். அத்தகைய குடும்பங்களில், விரல்மடிப்பை வகுக்கும் பகுதியில் ஓரெழுத்து மாறியிருத்தலை 1988இல் கண்டனர். ஓரெழுத்துப் பிழைக்கு நாம் ஒரு புள்ளி குறைப்போம். அக்குழந்தைகளுக்கோ, தொழிற்படும் விற்றமின் குருதியில் மிகுந்திருந்தும் கால்கள் வளைந்தன. பலருக்குத் தலைமயிரும் உதிர்ந்தது. வெயிலும் மீனெண்ணெயும் பயன்படவில்லை. மருத்துவர் பல மாதங்கள் கல்சியத்தை நேரே நாளத்துட் செலுத்திப் பார்த்தனர். என்புகள் தேறின, மயிர் மட்டும் முளைக்கவில்லை.