ஒரு நிறுவனத்தைப் படித்தால் பங்குச்சந்தை புரியும்

பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உரிமையில் ஒரு சிறு பகுதி. பங்கை வாங்குபவர் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவர் அல்லர். அதன் லாபத்திலும் நட்டத்திலும் பாத்தியதை உள்ள உரிமையாளர். வரையறையாகப் படிக்கும்போது மனதில் ஒட்டாத இந்த விஷயம், ஏதாவது ஒரு நிறுவனத்தை எடுத்து அதன் கணக்குகளையும் அறிவிப்புகளையும் வரிசையாகப் பார்க்கும்போது தானே பதிந்துவிடும். புனே விமான நிலையத்துக்கு அருகே, விமான் நகரில், உள்ளூர்க்காரர்கள் நகர் ரோடு என்று சொல்லும் அகமத்நகர் சாலையை ஒட்டி, அப்படிப் படிக்கத் தகுந்த ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது: பஜாஜ் ஃபைனான்ஸ். மாதத் தவணையில் ஃபிரிட்ஜோ செல்போனோ வாங்கிய தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானது. இங்கே அதை எடுத்துக்கொள்வது அந்தப் பங்கை வாங்கச் சொல்வதற்காக அல்ல. ஒரு புதியவர் அறிய வேண்டிய ஏறக்குறைய எல்லாப் பாடங்களும் அதன் வரலாற்றில் கிடைக்கின்றன என்பதே காரணம்.

1987இல் பஜாஜ் ஆட்டோ ஃபைனான்ஸ் என்ற பெயரில், இருசக்கர, மூன்று சக்கர வண்டிகள் வாங்கக் கடன் கொடுப்பதற்காக இது தொடங்கப்பட்டது. 1994இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. 2010இல் பெயரிலிருந்து ஆட்டோ நீங்கியது. இதற்கிடையே தாய் நிறுவனமான பஜாஜ் ஆட்டோ பிரிக்கப்பட்டு, நிதித் தொழில்களுக்கென பஜாஜ் ஃபின்சர்வ் தனியாக உருவாகி 2008இல் சந்தைக்கு வந்தது. இன்று பஜாஜ் ஃபைனான்ஸில் பாதிக்குச் சற்று மேல் ஃபின்சர்வின் கையில். பஜாஜ் ஹவுசிங் ஃபைனான்ஸில் பெரும்பகுதி பஜாஜ் ஃபைனான்ஸின் கையில். மூன்றும் சந்தையில் தனித்தனியாக விற்கப்படும் மூன்று பங்குகள். ஃபின்சர்வ் பங்கை வாங்குபவருக்குக் கடன் தொழிலோடு காப்பீட்டுத் தொழிலிலும் மறைமுகப் பங்கு கிடைக்கிறது. ஹவுசிங் ஃபைனான்ஸ் வாங்குபவருக்கு வீட்டுக்கடன் தொழில் மட்டும்தான். பெயர் ஒற்றுமையை வைத்து ஒன்றை நினைத்து இன்னொன்றை வாங்குவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும் பிசகு. எந்தப் பங்கைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த நிறுவனம் எதை விற்றுப் பணம் பண்ணுகிறது என்பதுதான்.

இந்தப் பங்குகள் கைமாறும் இடங்கள் இரண்டு. 1875இல் தோன்றிய மும்பைப் பங்குச்சந்தை ஒன்று. 1994இல் திரை வழி வணிகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச்சந்தை மற்றொன்று. புனேயில் 1982 முதல் ஒரு பங்குச்சந்தை இருந்தது; சென்னையில் அதைவிடப் பழையது ஒன்று இருந்தது. கணினி வழியே நாடு முழுவதும் ஒரே விலையில் வணிகம் நடக்கத் தொடங்கியபின் வட்டாரச் சந்தைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. புனே, சென்னைச் சந்தைகள் இரண்டும் 2015இல் அங்கீகாரத்தை விட்டு வெளியேறின. காகிதப் பத்திரங்களின் காலமும் அப்படியே முடிந்தது. 1996ஆம் ஆண்டின் டெபாசிட்டரிகள் சட்டத்துக்குப் பிறகு பங்குகள் மின்பதிவாக மாறி, என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு காப்பகங்களில் உரிமையாளரின் பெயரிலேயே இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் கண்காணிப்பது, 1992இல் சட்ட அதிகாரம் பெற்ற ஒழுங்குமுறை வாரியமான செபி.

தொடங்குவதற்கு வங்கிக் கணக்கு, பங்குகள் மின்பதிவாக இருக்கும் டீமேட் கணக்கு, வாங்கி விற்கப் புரோக்கரிடம் ஒரு டிரேடிங் கணக்கு ஆகிய மூன்றும் வேண்டும். பான் எண்ணும் ஆதாரும் இருந்தால் செல்போனிலேயே கணக்குத் திறந்துவிடலாம். டீமேட் கணக்கு ஒன்றே ஒன்று வைத்திருப்பவரின் பங்குகள் 4 லட்சம் ரூபாய் மதிப்புக்குள் இருந்தால், அடிப்படைச் சேவைக் கணக்கு என்ற வகையில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமே இல்லை.  தன் கணக்கு அந்த வகையில் இருக்கிறதா என்று புரோக்கரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. வாங்கிய பங்கு அடுத்த வேலைநாளில் கணக்கில் வந்து சேரும். வாங்கும்போது கிடைக்கிற விலைக்கு வாங்கு என்றும் சொல்லலாம், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தும் சொல்லலாம். புதியவருக்கு இரண்டாவதுதான் நல்லது.

இனி விலை. 2025 ஜூன் 16ஆம் தேதி காலை பஜாஜ் ஃபைனான்ஸ் பங்கின் விலையைப் பார்த்த சிலருக்கு நெஞ்சே நின்றிருக்கும். முந்தைய வர்த்தக நாளில் சுமார் 9,300 ரூபாயாக இருந்த பங்கு, 930 ரூபாயை ஒட்டித் தெரிந்தது. பத்தில் ஒன்பது பங்கு பணம் போய்விட்டதா? ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அன்று இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. 2 ரூபாய் முகமதிப்புள்ள (நிறுவனப் பதிவில் குறித்த மதிப்பு) ஒவ்வொரு பங்கும் 1 ரூபாய் முகமதிப்புள்ள இரண்டு பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. அப்படிப் பிரிந்த ஒவ்வொரு பங்குக்கும் நான்கு போனஸ் பங்குகள் இலவசமாகத் தரப்பட்டன. ஆக ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் பத்துப் பங்குகள். நிறுவனம் அதேதான், அதன் லாபம் அதேதான், அதில் அவருக்குள்ள பாகமும் அதேதான்; எண்ணிக்கை பத்து மடங்கானதால் ஒன்றின் விலை பத்தில் ஒன்றானது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது. 900 ரூபாய்ப் பங்கு மலிவானது, 9,000 ரூபாய்ப் பங்கு விலை உயர்ந்தது என்று நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத பங்குகளை ஆயிரக்கணக்கில் வாங்கிப் பணத்தைத் தொலைப்பவர்கள் இந்த ஒரு இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதே போல, போனஸ் அறிவிப்பு வந்தவுடன் லாபம் கிடைக்கும் என்று ஓடிப்போய் வாங்குவதற்கும் காரணம் இல்லை.

அப்படியானால் ஒரு பங்கு மலிவா, விலை அதிகமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? லாபத்தோடு சேர்த்துப் பார்த்தால் தெரியும். 2024-25 நிதியாண்டில் பஜாஜ் ஃபைனான்ஸின் ஒருங்கிணைந்த நிகர லாபம் 16,700 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். அப்போது அதன் பங்குகள் ஏறக்குறைய 62 கோடி. வகுத்தால் பங்கு ஒன்றுக்குச் சுமார் 270 ரூபாய் லாபம். 9,300 ரூபாய் விலையில் வாங்குபவர் அந்த ஆண்டு லாபத்தைப் போல் 34 மடங்கு கொடுக்கிறார். இதைத்தான் சந்தையில் பி.இ. விகிதம் என்கிறார்கள். 34 என்பது தனியாகப் பார்த்தால் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. லாபம் ஆண்டுதோறும் வேகமாக வளரும் என்ற நம்பிக்கைக்குச் சந்தை கொடுக்கும் விலை அது. அந்த நம்பிக்கை பொய்த்தால் விலை இறங்கும்.

கடன் கொடுக்கும் நிறுவனமாக இருப்பதால் இன்னொரு எண்ணையும் பார்த்தாக வேண்டும்: வாராக்கடன். கொடுத்த கடனில் எவ்வளவு திரும்பாமல் நிற்கிறது என்பதை இத்தகைய நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகின்றன. 2025 மார்ச் முடிவில் பஜாஜ் ஃபைனான்ஸின் மொத்த வாராக்கடன் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த எண் காலாண்டுக்குக் காலாண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கவனிப்பவர், தொலைக்காட்சியில் சொல்லும் இலக்கு விலையைக் கேட்பவரைவிட அதிகம் தெரிந்தவர்.

லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரப்படும் ஈவுத்தொகையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 2024-25ஆம் ஆண்டுக்கு இந்நிறுவனம் பங்குக்கு 44 ரூபாயும், சிறப்பு ஈவுத்தொகையாக 12 ரூபாயும் தந்தது. 56 ரூபாய் கேட்கப் பெரிதாகத் தெரியும். 9,000 ரூபாய்க்கு மேல் போட்டவருக்கு நூற்றுக்கு 60 பைசா அளவுதான். வங்கி வட்டியைப் போல வருமானம் எதிர்பார்ப்பவருக்கு இது ஏற்ற இடமே அல்ல. லாபத்தின் பெரும்பகுதியைத் தொழிலிலேயே திரும்பப் போட்டு வளரும் நிறுவனம் இது.

நல்ல நிறுவனத்தைத் தவறான விலையில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, இதே குடும்பத்தின் பஜாஜ் ஹவுசிங் ஃபைனான்ஸ் தெளிவான சாட்சி. 2024 செப்டம்பர் 9 முதல் 11 வரை அதன் புதிய பங்கு வெளியீடு நடந்தது. விலை 66 முதல் 70 ரூபாய். குறைந்தது 214 பங்குகளுக்கு, அதாவது 14,980 ரூபாய்க்கு விண்ணப்பிக்க வேண்டும். திரட்ட நினைத்தது 6,560 கோடி. வந்து குவிந்த விண்ணப்பங்களோ 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இப்படி நேரும்போது சிறு முதலீட்டாளர்களுக்குக் குலுக்கல் முறையில்தான் ஒதுக்குவார்கள். விண்ணப்பித்த பணம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். ஒதுக்கீடு கிடைக்காதவருக்கு முடக்கம் நீங்கிவிடும். செப்டம்பர் 16 அன்று பங்கு 150 ரூபாயில் பட்டியலானது. இரண்டே நாளில் 188 ரூபாயைத் தொட்டது. குலுக்கலில் விட்டவர்கள் பலர் அந்த உற்சாகத்தில் சந்தையில் வாங்கினார்கள்.

அதன்பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். நிறுவனத்துக்கு எந்தக் கேடும் வரவில்லை. 2023-24இல் 1,731 கோடியாக இருந்த லாபம் அடுத்த ஆண்டு 2,163 கோடியாக உயர்ந்தது. ஆனால் பங்கு விலை படிப்படியாக இறங்கி, 2025 டிசம்பரில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 833 கோடிப் பங்குகளுக்கு 2,163 கோடி லாபம் என்றால் பங்குக்கு 2 ரூபாய் 60 காசு. 70 ரூபாய்க்குப் பெற்றவர் லாபத்தைப் போல் 27 மடங்கு கொடுத்தார். 188 ரூபாய்க்கு வாங்கியவர் 72 மடங்கு கொடுத்தார். ஒரே நிறுவனம், ஒரே வாரம். ஒருவர் லாபத்தில், மற்றவர் நட்டத்தில். பங்குச்சந்தைப் படிப்பில் இதைவிட முக்கியமான பக்கம் இல்லை.

நல்ல பங்கும் விழும். 2020 பிப்ரவரியில், பங்கு பிரிக்கப்படுவதற்கு முந்தைய கணக்கில், பஜாஜ் ஃபைனான்ஸ் 4,900 ரூபாயை ஒட்டி இருந்தது. ஊரடங்கில் தவணைகள் நின்றுபோகும் என்ற அச்சத்தில் மே மாதம் 2,000 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் 5,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ தேவைப்படும் பணத்தைப் பங்கில் போட்டிருந்தவர் மே மாதத்தில் விற்றே ஆக வேண்டியிருந்திருக்கும். அவசரத் தேவைக்குத் தனியே ஒதுக்கிய பிறகு, ஐந்தாறு ஆண்டுகள் தொட வேண்டியிராத பணம் மட்டுமே பங்குக்கு உரியது. கடன் வாங்கிப் பங்கு வாங்குவது எந்தக் கணக்கிலும் சரியாகாது.

ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் போடுவதும் ஆபத்து. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, இந்நிறுவனத்தின் இரண்டு கடன் திட்டங்களில் புதிய கடன் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. தடை 2024 மே மாதம்தான் விலகியது. இப்படி ஒரு உத்தரவு எந்த நிறுவனத்துக்கும் எந்த நாளும் வரலாம். தனித்தனி நிறுவனங்களைப் படிக்க நேரமில்லாதவருக்கு நிஃப்டி 50 குறியீட்டு நிதி எளிய வழி: ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகள், மாதம் சில நூறு ரூபாயிலிருந்து. பஜாஜ் ஃபைனான்ஸும் ஃபின்சர்வும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களான ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் புதியவர் போகவே கூடாது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் அங்கே வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்றும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்றும் செபியின் ஆய்வு சொல்கிறது. இழந்தவர்களில் நிறையப் பேர் முப்பது வயதுகூட ஆகாத இளைஞர்கள் என்பது வேதனையான விஷயம். புனேயின் விமான் நகர், கராடி போன்ற ஐ.டி. வட்டாரங்களில் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கு யாராவது இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை, வாங்கி ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்குப் பிறகு விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ள விகிதங்கள் இவை. ஈவுத்தொகை, பெறுபவரின் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.

இவற்றைக் கற்கப் பெரிய கட்டணம் கொடுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போகத் தேவையில்லை. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் காலாண்டு முடிவுகளும் பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் இலவசம். செபி நிறுவிய தேசியப் பத்திரச் சந்தை நிறுவனம், மும்பைக்கும் புனேவுக்கும் இடையே பாதாளகங்காவில் வளாகம் வைத்திருக்கிறது. முதலீட்டாளர்களுக்கென அது நடத்தும் செபி சான்றிதழ்த் தேர்வுக்கும் கட்டணம் இல்லை. தெரிந்த பொருளை விற்கும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து, நான்கு காலாண்டு முடிவுகளைப் படித்த பிறகு முதல் பங்கை வாங்குவது நிதானமான தொடக்கம்.

வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்து, போலிச் செயலியில் கோடிக்கணக்கில் லாபம் காட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகிவிட்டன. ஆலோசனை சொல்பவரின் செபி பதிவு எண்ணை செபி இணையதளத்தில் சரிபாருங்கள். வாங்கிய பங்கு உண்மையில் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று, என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். காப்பகங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். அதில் இல்லாத பங்கு உங்களுடையது அல்ல. அப்படி நேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல், செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புரோக்கர் மீதும், 1930 என்ற எண்ணில் சைபர் மோசடி பற்றியும் புகார் கொடுங்கள்.