'வல்லவன்': எந்த அளவுகோலால் அளப்பது?

யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பு, மலேசியத் தமிழ்ச் சொல்லிசையின் திருப்புமுனை எனலாம். அதிலுள்ள 'மடை திறந்து' பாடலைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் வாக்குவாதம் உண்டு. 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்பார் அப்பா. அண்ணனோ ஒரு வரி விடாமல் ஒப்பிப்பார்.

இருவரும் வெவ்வேறு அளவுகோலை வைத்திருக்கிறார்கள். அப்பா தேடுவது மெட்டு. சொல்லிசையிலோ குரலே ஒரு தாளக் கருவி. பழைய பாடலின் ஒரு பகுதியை எடுத்துப் புதிய தாளக்கட்டில் பொருத்தி, அதன்மேல் சொந்த வரிகளைச் சொல்வது ஹிப் ஹாப்பின் மரபு. ஆகவே, சொல் தாளத்தில் எங்கே விழுகிறது, அடிகளின் இறுதி ஒலி எப்படி ஒன்றுகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இறுதி ஒலி ஒன்றுவதைத் தமிழ் யாப்பு 'இயைபு' என்கிறது. இது நமக்கு அந்நியமான கலை அன்று!

ஆங்கிலம் கலக்கிறதே என்ற குறையை நானும் மறுக்கவில்லை. ஆனால், தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, பிறர் முன் தமிழ் பேசவே கூச்சப்பட்ட எனக்கு ஓர் அனுபவம் உண்டு. பள்ளிப் பேருந்தில் இந்தப் பாடல் ஒலித்தபோது மலாய், சீன நண்பர்களும் தலையசைத்தார்கள், பொருள் கேட்டார்கள். அன்று அவர்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நண்பர்களே, இரு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லுங்கள்.