உப்பு நீரும் சம்பங்கித் தண்டும்

மாலைகளில் வெள்ளை வெளேரென்று கோத்திருக்கும் சம்பங்கிப் பூவை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அது செடியில் எப்படிப் பூக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? புல்லைப் போன்ற இலைகளின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு தண்டு எழும்பும். அதில் பூக்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. இரயில் பாதை ஓரங்களில் காணும் பெரிய கற்றாழைக்கு இது நெருங்கிய உறவு. அதனால் 2017-இல் தாவரவியலார் இதை அந்தக் கற்றாழையின் பேரினமாகிய ‘அகேவ்’ என்பதிலேயே சேர்த்துவிட்டனர்.

சம்பங்கியை வளர்க்கத் தோட்டம் தேவையில்லை. மொட்டை மாடியில் ஒரு தொட்டி போதும். ஆனால் தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதியில் ஒரு கேள்வி எழுகிறது. அடிபம்பில் உப்பு நீர் வந்தால் அதை ஊற்றிச் சம்பங்கியை வளர்க்கலாமா? இதற்கு விடை காணத் தண்டு எப்படி உயர்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கீழிருந்து மேலே

தண்டின் நுனியில் ஆக்குத்திசு உள்ளது. அது மொட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உண்டாக்கிக்கொண்டே மேலே செல்கிறது. ஆகவே அடியிலுள்ள பூவே மூத்தது. அதுவே முதலில் மலரும். இத்தகைய அமைப்பைக் கதிர் மஞ்சரி என்கிறோம். உங்கள் தெருவோரத்து நாயுருவிச் செடியிலும் இதே ஒழுங்கைக் காணலாம்.

செல்கள் பெருகுவதால் மட்டும் தண்டு இவ்வளவு உயரமாகிவிடாது. உண்டான செல்கள் நீள வேண்டும். செல்லுக்குள் சர்க்கரை, தாது உப்புகள் முதலியன கரைந்த நீர் இருக்கிறது. வெளியில் உள்ள நீர் இதைவிடச் செறிவு குறைந்ததாக இருந்தால், சவ்வூடு பரவல் மூலம் உள்ளே நுழையும். பந்துக்குள் காற்றை அடைப்பதுபோல இந்த நீர் செல்சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. இதுவே விறைப்பு அழுத்தம். இளகிய சுவர் நீள்கிறது, தண்டு உயர்கிறது. சுருங்கச் சொன்னால், தண்டைத் தூக்கி நிறுத்துவது தண்ணீர்தான்!

உப்பு என்ன செய்கிறது?

மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. வேர் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. மண் ஈரமாகவே இருக்கும். செடியோ தாகத்தில் இருக்கும். இலை நுனிகள் கருகும், தண்டு குட்டையாகும், பூக்கள் குறையும்.

தொட்டியில் ஆபத்து இன்னும் அதிகம். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை நாள்தோறும் அரை லிட்டர் ஊற்றுவதாகக் கொள்வோம். நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. தொட்டியின் அடியில் துளை இல்லாவிட்டால் 90 நாளில் 45 கிராம் உப்பு சேரும். ஒரு லிட்டர் கடல்நீரில் இருப்பதே சுமார் 35 கிராம்தான்!

நிலத்தடி நீர் உப்பாவதற்கும் காரணம் உண்டு. வட சென்னைக்கு அருகிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால், அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது. ஒருமுறை புகுந்த உப்பை வெளியேற்றுவது எளிதன்று.

எந்த நீரை ஊற்றலாம்?

வரிசையில் நின்று பிடித்த குடிநீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது, ஊற்றவும் வேண்டாம். அரிசி கழுவிய நீர் நல்லது. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது. அதில் உப்பு இல்லை எனலாம். மழைநீரும் அவ்வாறே. ஆனால் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரைத் தவிருங்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நட்டுப் பாருங்கள்

பழைய பெயிண்ட் வாளிகள் ஆறு எடுத்து நன்றாகக் கழுவி, அடியில் துளையிடுங்கள். மணல், செம்மண், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். ஒரே அளவுள்ள கிழங்குகளாகத் தேர்ந்து, வாளிக்கு ஒன்றாகச் சுமார் 5 செ.மீ. ஆழத்தில் நட்டு, நல்ல வெயிலில் வையுங்கள். மூன்று வாளிகளுக்கு அடிபம்பு நீர். மற்ற மூன்றுக்கும் அதே அளவு மழைநீர் அல்லது ஏ.சி. நீர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் தண்டு தோன்றும். அதன்பின் நாள்தோறும் காலையில் உயரத்தை அளந்து வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரே செடியை வைத்தால், வேறுபாடு நீரால் வந்ததா கிழங்கால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதனால்தான் மும்மூன்று வைக்கிறோம்.

ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். ஆனால் கவலை வேண்டாம். அதன் பக்கத்தில் முளைத்த குட்டிக் கிழங்குகள் அடுத்துப் பூக்கும். அவற்றைப் பிரித்து நண்பர்களுக்கும் கொடுங்கள். உங்கள் தெரு நீரின் உப்பு ஒரு செடியை எவ்வளவு குட்டையாக்குகிறது என்பதை நீங்களே சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம்.