செஞ்சிச் சீமையின் கறுப்புக் கல்

செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசி வட்டத்தில் இருக்கிறது சீயமங்கலம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு குன்றைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தான். அவனிபாஜன பல்லவேசுவரம் என்று கல்வெட்டு குறிப்பிடும் அந்தக் குடைவரையின் தூணில், ஆடும் சிவனின் சிறு புடைப்புச் சிற்பம் உண்டு. தமிழ்நாட்டின் மிகப் பழைய நடராசர் வடிவங்களுள் அது ஒன்று. சுமார் 1400 ஆண்டுகளாக அது அழியாமல் நிற்பதற்கு உளியின் திறமையோடு கல்லின் உறுதியும் காரணம்.

அதற்குத் தெற்கே செஞ்சிக் கோட்டை நிற்கும் குன்றுகள் கிரானைட் கல்லால் ஆனவை. பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாக ஆறி இறுகி, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர்ந்தன. வெறும் கண்ணுக்கே தெரியும்.

இதே வட்டாரத்தில், திண்டிவனம், திருவக்கரைப் பக்கம் இன்னொரு கல் கிடைக்கிறது. இறுகிய பழைய பாறையில் பிற்காலத்தில் வெடிப்புகள் விழ, கீழிருந்து எரிமலைக் குழம்பு அவற்றில் ஏறி, மேலே வழிவதற்குள் உறைந்துபோனது. அதுதான் டோலரைட். இப்படிச் சுவர்போல நீளும் பாறைக்கு டைக் என்று பெயர். மேலே மூடியிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட்ட பிறகே இவை வெளியே தெரிந்தன. எரிமலைக் கல்லான பசால்ட்டும் டோலரைட்டும் ஒரே குழம்பின் பிள்ளைகள். தரைக்கு வந்து சட்டென ஆறினால் பசால்ட். வெடிப்புக்குள் சற்று நிதானமாக ஆறினால் டோலரைட்.

புதிதாக உடைத்த டோலரைட் துண்டை லென்ஸில் பார்த்தால், பிளாஜியோகிளேஸ் என்ற கனிமத்தின் சாம்பல் நிறக் குச்சிகளும் பைராக்சீன் என்ற கனிமத்தின் கரிய மணிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். டைக்கின் ஓரத்துக் கல்லில் மணிகளே தெரியாது. குளிர்ந்த பாறையைத் தொட்டதும் குழம்பு உறைந்துவிட்ட இடம் அது. நடுப்பகுதிக்குப் போகப் போக மணிகள் பருக்கின்றன. ஆறிய வேகம் கல்லிலேயே பதிந்திருக்கிறது.

கிரானைட்டில் ஒரு கன மீட்டர் சுமார் 2.65 டன் என்றால், டோலரைட் 3 டன்னை நெருங்கும். இரும்பும் மெக்னீசியமும் மிகுதி என்பதே காரணம். வியாபாரத்தில் இதைக் கருப்பு கிரானைட் என்கிறார்கள். மெருகேற்றினால் கண்ணாடிபோல் பளபளப்பதால் தரைக்கும் சமையல் மேடைக்கும் கல்லறைப் பலகைக்கும் போகிறது. வெப்பத்தில் அதிகம் விரியாததால், பட்டறைகளில் நுட்ப அளவு பார்க்கும் சமதளப் பலகையும் இதில் செய்கிறார்கள். சாலைக்கும் ரயில் பாதைக்கும் ஜல்லியாகவும் உதவுகிறது.

இந்தக் கல் குடும்பத்துக்குப் புதிய வேலையும் வந்திருக்கிறது. ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில், தண்ணீரில் கரைத்த கார்பன் டை ஆக்சைடைப் பூமிக்கடியில் உள்ள பசால்ட்டுக்குள் செலுத்தினார்கள். கல்லிலிருந்து கரைந்த கால்சியம் அதோடு சேர்ந்து கார்பனேட்டாக இறுகியது. செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லானதாக 2016-இல் அறிவித்தார்கள்.

செஞ்சிச் சீமைக்குத் திரும்பினால், டைக் அகலம் குறைந்த பாறை. வெட்டி எடுத்தால் திரும்ப வளராது. வெட்டுவதிலும் பெரும்பங்கு விரிசல் விழுந்து கழிவாகக் குவிகிறது. அந்தக் குவியலை ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் முழுமையாகப் பயன்படுத்திய பிறகே புதிய பாறையில் கை வைப்பது என்ற ஒழுங்கு வேண்டும். ஓரமும் நடுவும் தெளிவாகத் தெரியும் ஒரு டைக்கையாவது மாணவர்கள் நேரில் பார்த்துப் படிக்க விட்டுவைக்க வேண்டும்.